கதைப் புத்தகத்திலிருந்து கணிதம்: எந்தக் கைவேலை எந்த வகுப்புக்கு?

கதை முடிந்து புத்தகத்தை மூடியாயிற்று. அடுத்த அரை மணி நேரத்துக்குப் பிள்ளைகளின் கையில் எதைக் கொடுப்பது? மலேசியாவின் பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் பாலர் வகுப்பும் முதலாம் ஆண்டும் எடுக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் கூடினால், வாசிப்பையும் கணிதத்தையும் இணைக்கலாமா என்று யாரும் கேட்பதில்லை. எந்த வேலையைக் கொடுத்து இணைப்பது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. ஒரு சாரார் கதைப்பாத்திரத்தை வண்ணத்தாளில் வெட்டி ஒட்டச் சொல்வார்கள். இன்னொரு சாரார் மூடி, கொட்டை, கல் என்று எதையாவது வைத்துக் கதையை மறுபடி விளையாட்டாக நடத்துவார்கள். கதையில் வரும் சங்கதியை மேசைமேல் சோதனையாகவே செய்துபார்ப்பவர்கள் உண்டு. பிள்ளைகளையே சிறு எண் புத்தகம் மடித்து எழுத வைப்பவர்கள் உண்டு. நேரம் இல்லாதவர்கள் இணையத்திலிருந்து பயிற்சித்தாள் அச்சிட்டு விநியோகித்துவிடுவார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாலர் வகுப்புக்கு எண்ணுபொருள் விளையாட்டு. முதலாம் ஆண்டுக்கு மடிப்புப் புத்தகம். ஒட்டும் கைவேலையைத் தவணைக்கு ஒருமுறை வைத்துக்கொள்ளலாம், அதுவும் கலைக்கல்விப் பாட வேளையில். சோதனை அருமையானது, ஆனால் ஒரே ஒரு கதைக்குத்தான் பொருந்தும். பயிற்சித்தாளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இப்படித் தரம் பிரிக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அந்த அரை மணி நேரத்தில் எண்ணுவது யார்?

ஒட்டும் வேலையையே எடுத்துக்கொள்வோம். எரிக் கார்ல் 1969இல் வெளியிட்ட கம்பளிப்புழுப் படப்புத்தகத்தை அறியாத பாலர் பள்ளி ஆசிரியர் இருக்க மாட்டார். திங்களன்று ஒரு பழம், செவ்வாயன்று இரண்டு, அப்படியே வெள்ளியன்று ஐந்து. நாளுக்கு ஒன்று கூடிக்கொண்டே போய், ஐந்து நாளில் 15 பழம். கதையின் எலும்புக்கூடே கணிதம்தான். ஆனால் அந்தக் கதைக்கென்று வகுப்புகளில் செய்யப்படும் கைவேலை என்ன? பச்சைத் தாளில் வட்டங்கள், ஒரு சிவப்புத் தலை, இரண்டு கொம்பு. வட்டங்களை முதல்நாள் இரவே ஆசிரியர் வெட்டி, பிள்ளைக்கு ஆறு வீதம் உறையில் போட்டுக்கொண்டு வருகிறார். பிள்ளை வாங்குகிறது, ஒட்டுகிறது. எண்ணியவர் ஆசிரியர். பிள்ளைக்குக் கிடைத்தது பசை.

அதே கைவேலையைக் கணிதமாக்க முடியாதா என்றால், முடியும். வட்டங்களை மேசை நடுவில் குவித்து வைத்துவிட்டு, ஆளுக்கு வெவ்வேறு எண் எழுதிய சீட்டைக் கொடுத்து, “உன் புழுவுக்கு எத்தனை துண்டு வேண்டுமோ அத்தனை எடுத்துக்கொள்” என்று சொன்னால் போதும். அப்போது புழுக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. நெட்டையும் குட்டையுமாக இருக்கும். எது நீளம், எதைவிட எது எத்தனை துண்டு குறைவு என்று பேச வழி பிறக்கும். ஆனால் சுவரில் ஒட்டினால் அழகாக இராது என்பதால் பலர் இதற்கு இணங்குவதில்லை. சுவருக்காகச் செய்யும் கைவேலைக்கும் பிள்ளைக்காகச் செய்யும் கைவேலைக்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில் தெரிந்துவிடும். 1 முதல் 3ஆம் ஆண்டு வரை தேர்வுகள் 2019இல் நீக்கப்பட்டு, வகுப்பறை மதிப்பீடு மட்டும் என்று ஆனபிறகு, கற்றலுக்குச் சான்று காட்ட வேண்டும் என்ற பதற்றம் கூடியிருக்கிறது. அந்தப் பதற்றத்துக்கு முதல் பலி சுவர்.

ஒட்டும் வேலையை அடியோடு ஒதுக்கவும் என்னால் முடியாது. பாலர் பள்ளிக்குப் போகாமல் நேரே முதலாம் ஆண்டுக்கு வரும் பிள்ளைகள் இன்னமும் உண்டு. கத்தரிக்கோலில் எந்த விரலை எந்த வளையத்தில் நுழைப்பது என்று தெரியாத பிள்ளைக்குக் கோட்டின்மேல் வெட்டப் பழகுவதே பெரிய கல்வி. பென்சில் பிடிக்கும் விரலுக்கு அதுதான் பயிற்சி. அதற்காக அதைச் செய்யுங்கள். நாள் பாடத்திட்டத்தில் ‘கணிதம்’ என்று மட்டும் எழுதாதீர்கள்.

நம் ஊர்த் தட்பவெப்பத்துக்கேற்ற எச்சரிக்கை ஒன்று. பருப்பு, அரிசி, பச்சைப்பயறு ஒட்டிச் செய்யும் படங்கள் பார்க்க அழகு. ஆனால் பினாங்கின் ஈரக்காற்றில் வெள்ளைப் பசை சீக்கிரம் காயாது. காய்ந்தபிறகு எறும்பு வரும். சில வாரத்தில் பருப்பிலிருந்து வண்டும் வரும். கண்காட்சி நாளன்று மணிலா அட்டையிலிருந்து யானையின் காது பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருக்கும். ஒட்டித்தான் ஆக வேண்டுமென்றால் பொத்தான், துணித்துண்டு, காகித உருண்டை போதும்.

எண்ணுபொருள் விளையாட்டுக்கு வருவோம். இதற்கு நான் சிபாரிசு செய்யும் கதை, சருகுமானும் முதலைகளும். மலாய்க்காரர்களின் சாங் கான்சில் கதைதான். பிள்ளைகள் மலாய்மொழிப் பாடத்திலோ தொலைக்காட்சியிலோ ஏற்கெனவே சந்தித்திருப்பார்கள். அக்கரையில் பழம் பழுத்துத் தொங்குகிறது. ஆற்றில் முதலைகள். அரசர் விருந்து தரப்போகிறார், உங்களை எண்ணிவரச் சொன்னார் என்று சருகுமான் பொய் சொல்லி, முதலைகளை இக்கரையிலிருந்து அக்கரைவரை வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் குதித்து எண்ணிக்கொண்டே ஆற்றைக் கடந்துவிடுகிறது. எண்ணத் தெரிந்ததால் தப்பித்த விலங்கு. இதைவிடப் பொருத்தமான கதாநாயகன் கணித வகுப்புக்குக் கிடைக்குமா?

எண்ணுதலுக்கு அடிப்படையாக ஐந்து நெறிகளை ரோசெல் கெல்மன், கேலிஸ்டல் என்ற இரு உளவியலாளர்கள் 1978இல் வகுத்தார்கள். ஒரு பொருளுக்கு ஓர் எண், எண்களின் வரிசை மாறாது, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம், எதையும் எண்ணலாம், எங்கிருந்து தொடங்கினாலும் மொத்தம் மாறாது. இவற்றில் முதல் மூன்றும் சருகுமானின் குதிப்பிலேயே அடங்கியிருக்கின்றன. குதிப்புக்கு ஒரு முதலை, முதலைக்கு ஓர் எண், கரை ஏறியதும் மொத்தம்.

செய்முறை எளிது. 30 முட்டை வைக்கும் காகிதத் தட்டில் வரிசைக்கு ஐந்து குழியாக ஆறு வரிசை இருக்கும். முட்டை உடைந்து கறைபட்ட தட்டு வேண்டாம். நல்ல தட்டாகப் பார்த்து வெயிலில் காயவையுங்கள். வரிசை வரிசையாக வெட்டிக் கவிழ்த்தால் ஒவ்வொரு குழியும் ஒரு முதலைத் தலை. பச்சை வண்ணம் அடித்துக் கண் வரைவது பிள்ளைகள் வேலை. ஐந்து ஐந்தாக இரண்டு வரிசையைச் சேர்த்து வைத்தால் பத்து முதலை. ‘ஐந்தும் மூன்றும் எட்டு’ என்று ஒரே பார்வையில் பிடிக்கும் பழக்கம் இந்த அமைப்பில் தானாக வரும். சருகுமானுக்கு ஒரு பாட்டில் மூடி போதும்.

இணையிணையாக உட்கார வைத்து, ஒருவர் மூடியைக் குதிக்க விட, மற்றவர் கவனிக்க வேண்டும். இந்த இடத்தில்தான் ஆசிரியருக்கு வேண்டியது கிடைக்கிறது. வாயால் இருபதுவரை கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளை, கை ஐந்தாவது முதலையில் இருக்கும்போது வாயில் ஏழுக்குப் போயிருக்கும். “டீச்சர், அவன் ஒரு முதலையை விட்டுவிட்டான், அது கடிக்கும்!” என்று பக்கத்துப் பிள்ளை கூவும். திருத்துவது ஆசிரியர் வேலையாக இல்லாமல் முதலையின் வேலையாகிவிடுகிறது. இன்னொரு பிள்ளை சரியாக எட்டுவரை குதித்துக் கரை சேர்ந்திருக்கும், “மொத்தம் எத்தனை முதலை?” என்று கேட்டால் பதில் சொல்லாமல் மறுபடி முதலிலிருந்து குதிக்கத் தொடங்கும். அந்தப் பிள்ளைக்கு எண்ணத் தெரிகிறது, கடைசி எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. பயிற்சித்தாளில் எட்டு என்று எழுதிய விடையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

இந்த வழியின் குறை என்னவென்றால், மணி அடித்ததும் கையில் ஒன்றும் மிஞ்சாது. கோப்பில் வைக்கத் தாள் இல்லை. தலைமையாசிரியர் வந்து பார்த்தால் இரைச்சலும் மூடிகளும்தான் தெரியும். ஒரு குறிப்பேட்டில் யார் எங்கே தடுக்கினார் என்று அன்றே எழுதிவைக்க வேண்டும். நாளைக்கு என்று தள்ளினால் மறந்துவிடும். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் புளியங்கொட்டை, குன்றிமணி போன்ற சிறு பொருள்கள் வேண்டவே வேண்டாம். மூக்கில் போகும், வாயிலும் போகும். குன்றிமணி நஞ்சு வேறு. முதலாம் ஆண்டில் புளியங்கொட்டை தாராளமாக வரலாம். அப்படியே சொங்காக் என்னும் மலாய்ப் பல்லாங்குழிப் பலகைக்கும் போய்விடலாம். பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஏழு கொட்டை என்று 98 கொட்டை நிரப்பும் அந்தப் பலகை, 100 வரை எண்ண வேண்டிய முதலாம் ஆண்டுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. பல்லாங்குழி தெரிந்த பாட்டி வீட்டில் இருந்தால் விதிகளில் சண்டை வரும். வரட்டும், நல்லதுதான்.

சோதனை என்று வரும்போது தாகம் கொண்ட காகத்தைத் தவிர வேறு கதை எனக்குத் தெரியவில்லை. கண்ணாடிக் குவளையில் தண்ணீர், பக்கத்தில் கூழாங்கல், எத்தனை கல் போட்டால் தண்ணீர் கோட்டைத் தொடும் என்று முன்கூட்டியே ஊகிக்கச் சொல்லி, பிறகு போட்டுப் பார்ப்பது. செய்யும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: தண்ணீர் குவளையில் பாதியாவது இருக்க வேண்டும். கால்வாசிதான் இருந்தால் கல் விளிம்புவரை நிறைந்துவிடும், தண்ணீர் கற்களின் இடுக்குகளிலேயே தங்கிவிடும். கதையில் வரும் பானையின் அடியில் ‘கொஞ்சம்’ தண்ணீர் என்பதை அப்படியே நம்பினால் காகம் தாகத்தோடுதான் திரும்பிப் போகும். சிறிய கல், பெரிய கல் என்று இரண்டு குவளையில் செய்தால் பெரிய கல்லுக்கு எண்ணிக்கை குறைவு என்பது பிள்ளைகளுக்கே தெரியும். 2009இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரூக் என்னும் காக்கை இனப் பறவைகளுக்கு இதே சோதனையை வைத்தார்கள். அவையும் கல் போட்டுத் தண்ணீரை உயர்த்தி, மிதந்துகொண்டிருந்த புழுவை எடுத்தன. போகப்போகப் பெரிய கல்லையே பொறுக்கவும் கற்றுக்கொண்டன. இதைச் சொன்னால் வகுப்பே வாயைப் பிளக்கும். ஆனால் ஒரு குவளையைச் சுற்றி ஐந்து பேருக்குமேல் நிற்க முடியாது, 25 பேர் வகுப்பில் மேசைக்கு மேசை தண்ணீர் என்பது எளிதல்ல. உதவியாளர் இருக்கும் நாளில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மடிப்புப் புத்தகம். என் ஓட்டு இதற்கே என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஓர் ஏ4 தாள் போதும். பசை வேண்டாம், தையல் ஊசி வேண்டாம். தாளைப் பாதியாக மடித்தால் இரண்டு, மறுபடி மடித்தால் நான்கு, இன்னொரு முறை மடித்தால் எட்டுக் கட்டம். முதலாம் ஆண்டுக் கணிதத்தில் பின்னம் என்பது அரை, கால் என்ற இரண்டில்தான் தொடங்குகிறது. அந்த இரண்டும் மடிக்கும்போதே கையில் வந்துவிடும். தாளை விரித்து, அகலவாக்கில் ஒருமுறை மட்டும் மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டின்மேல் ஒரு கட்டத்தின் நீளத்துக்கு வெட்ட வேண்டும். சுமார் ஏழரை சென்டிமீட்டர். மறுபடி விரித்து நீளவாக்கில் மடித்து, இரண்டு முனைகளையும் பிடித்து உள்ளே தள்ளினால் நடுவில் வெட்டு வாய் திறந்து நான்கு இதழாக மடங்கும். அதைச் சுற்றி மடித்தால் புத்தகம். முன்னட்டை, பின்னட்டை போக உள்ளே ஆறு பக்கம்.

இந்த ஆறு பக்கம்தான் விசேஷம். பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி ஐந்து வடை சுட்டாள் என்று வைத்துக்கொள்வோம். காக்கை ஒன்றும் எடுக்காமல் போகலாம், ஒன்று எடுக்கலாம், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்தையும் எடுக்கலாம். மொத்தம் ஆறு விதம். ஐந்தை இரண்டாகப் பிரிக்கும் வழிகள் அத்தனையும் ஒரு சிறு புத்தகத்துக்குள் ஒரு பக்கம் மிஞ்சாமல், ஒரு பக்கம் குறையாமல் அடங்கிவிடுகின்றன. பக்கத்துக்கு ஐந்து வட்டம் வரைந்து, காக்கை எடுத்ததைக் கறுப்பாகத் தீட்டி, கீழே 2 + 3 = 5 என்று எழுதினால் போதும்.

நடக்கும்போது பாருங்கள். முதல் பக்கத்தில் பூச்சியம் எழுதப் பிள்ளைகள் தயங்குவார்கள். காக்கை எடுக்கவில்லை என்றால் கதையே இல்லையே என்பார்கள். ஒருவன் வானத்தில் பறந்துபோகும் காக்கையை வரைந்து ‘வரவில்லை’ என்று எழுதுவான்; பூச்சியத்துக்கு அதைவிட நல்ல படம் கிடையாது. நான்காவது பக்கத்துக்கு வந்ததும் ‘2 + 3 எழுதிவிட்டேனே, 3 + 2 அதேதானே’ என்று ஒரு கேள்வி எழும். பாட்டிக்கு மீதி மூன்றும், பாட்டிக்கு மீதி இரண்டும் ஒன்றா என்று திருப்பிக் கேளுங்கள். பாட்டிக்கு ஒன்றல்ல, கூட்டினால் ஒன்று. இந்தச் சின்ன வாதத்தில் செலவாகும் ஐந்து நிமிடம் வீணல்ல. கடைசிப் பக்கத்தில் ஐந்தும் போய்விட்டால் பாட்டி என்ன செய்வாள் என்று கேட்காத வகுப்பு கிடையாது. மறுநாள் வடை ஒன்று 50 சென் என்று விலை வைத்துப் பணம் பாடத்துக்குப் போய்விடலாம். 10, 20, 50 சென் நாணயங்கள் மூன்றுக்கும் வேலை இருக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. முதல் முறை மடிப்புக்கே ஒரு பாட வேளை போய்விடும். அரை மணி நேர வேளை ஒன்றில் மடித்து, எழுதி, வண்ணமும் தீட்டி முடிக்க வேண்டும் என்று நினைத்தால் கோபம்தான் வரும். தொடர்ந்து இரண்டு வேளை கிடைக்கும் நாளைப் பிடியுங்கள், அல்லது மடிப்பை ஒருநாள், எழுத்தை மறுநாள் என்று பிரியுங்கள். பாலர் வகுப்பில் ஐந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இந்த மடிப்பு ஒத்துவராது. ஆசிரியரே மடித்துக் கொடுத்தால், முன்னே சொன்ன உறைக் கதைதான். மடிப்பு விளிம்பை நகத்தால் அழுத்தித் தேய்க்காத புத்தகம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். இவ்வளவும் சகித்துக்கொள்ளக்கூடியவை. ஏனென்றால் கடைசியில் கையில் இருப்பது பிள்ளை தானே எழுதிய புத்தகம். கோப்பில் தட்டையாக அடங்கும். வகுப்பறை மதிப்பீட்டில் ஒன்று முதல் ஆறு வரையான அடைவு நிலையில் ஒரு பிள்ளை எங்கே நிற்கிறது என்று தீர்மானிக்க அந்த ஆறு பக்கமே போதுமான சான்று. வீட்டுக்குப் போனால் தாத்தா பாட்டிக்கு வாசித்துக் காட்டலாம். தமிழ் வாசிப்பும் அதோடு சேர்ந்து நடக்கும்.

அச்சிட்ட பயிற்சித்தாள் பற்றிச் சுருக்கமாக. அவசரத்துக்கு உதவும், ஆசிரியர் விடுப்பில் போகும் நாளில் உதவும். ஆனால் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை வேறு நாட்டுப் பிள்ளைகளுக்காகச் செய்தவை. பனிமனிதனின் பொத்தானை எண்ணு, இலையுதிர்கால இலைகளை வகைப்படுத்து, ஒரு சென்ட் நாணயங்களைக் கூட்டு என்று வரும். 2008 முதல் நம் கடைகளில் கணக்கு ஐந்து சென்னுக்குத்தான் முழுமையாக்கப்படுகிறது. ஒரு சென் நாணயத்தை இன்றைய பிள்ளைகள் கையில் வாங்கியிருக்கவே மாட்டார்கள். பிளம் பழத்துக்குப் பதில் டுக்கு, ரம்புத்தான், ஜாதிக்காய் என்று மாற்றி எழுதும் நேரத்தில் வெள்ளைத்தாளை மடிக்கக் கற்றுக்கொடுத்துவிடலாம்.

கதை எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கும் ஒரு வார்த்தை. பள்ளி நூலகத்தில் முதலாம் ஆண்டுக்கேற்ற தமிழ்ப் படக்கதைகள் குறைவாக இருந்தால், இந்தியப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் திறந்த உரிமத்தோடு தமிழ்க் கதைகள் இருக்கின்றன. தரவிறக்கலாம், அச்சிடலாம், வகுப்பில் கொடுக்கலாம். முதல் நிலைக் கதைகளில் பக்கத்துக்கு ஓரிரு வாக்கியம்தான். தேர்ந்தெடுக்கும்போது எண் என்று தலைப்பில் இருக்கிறதா என்று தேடாதீர்கள். கதையில் ஏதாவது கூடுகிறதா, குறைகிறதா, பங்கு போடப்படுகிறதா, வரிசையில் நிற்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்றிருந்தால் கணிதம் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை.

மாணவர் குறைவாக இருப்பதால் முதலாம் ஆண்டையும் இரண்டாம் ஆண்டையும் ஒரே அறையில் சேர்த்து நடத்தும் சிறு பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு மட்டும் நான் வேறு யோசனை சொல்வேன். மடிப்புப் புத்தகத்தைத் தள்ளிவையுங்கள். இரண்டு வயதுக்காரர்களின் கைவேகம் ஒத்துப்போகாது. முதலை விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வண்ணம் அடித்துக் குதிப்பது சிறியவர்கள் வேலை. தட்டு வெட்டுவதைப் பெரியவர்களிடம் விடுங்கள். குழுவுக்குப் பத்து முதலை, வரிசைக்கு ஐந்து, தட்டுக்கு ஆறு வரிசை என்று மட்டும் சொல்லிவிட்டு, எத்தனை தட்டு வாங்கிவர வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். 5ஆம் வாய்ப்பாடு இரண்டாம் ஆண்டுப் பாடம்தானே.